புரூனாவுக்கு மேளம் பழக்கிய காலம்

ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் பகுதி வீட்டை அம்மா காலி செய்கிறார். தங்கை இருக்கும் மோர்டென்ஸ்ருட் பக்கம் சின்னதாக ஒரு வீடு பார்த்தாயிற்று. எங்கள் மாடிக்கட்டடத்தின் நிலவறையில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் கம்பிவலை அடித்த ஒரு சாமான் அறை உண்டு. போன சனிக்கிழமை அதைத் துப்புரவாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சாமான் அறை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எறியவும் மனமில்லாத, வீட்டில் வைக்கவும் இடமில்லாத எல்லாவற்றுக்கும் அம்மா கொடுத்த புகலிடம் அது. துருப்பிடித்த இடியப்ப உரல்கள், கட்டு உடைந்த பனிச்சறுக்குப் பலகை, யாருடையதென்றே தெரியாத குழந்தை வண்டில். எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் மணம் வந்தது.

குதிரை மணம். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் எப்படிச் சொல்வது? வேர்வை, வைக்கோல், தோல்வாருக்குப் பூசும் எண்ணெய், கொஞ்சம் மூத்திரம். சேர்த்துச் சொன்னால் அருவருப்பாக இருக்கும். எனக்கோ அதை மோந்ததும் பசித்தது. பைக்குள் இருந்தது என்னுடைய பழைய பச்சைக் கோட்டு. அதில் சுற்றி ஒரு வீடியோ கசெற். ஒட்டியிருந்த தாளில் தங்கையின் பெயரும், கீழே "சாமத்தியவீடு" என்றும் எழுதியிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு என்ன படிப்பதென்று தெரியாமல் நின்ற நான், காட்டோரத்தில் இருந்த ஒரு குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்ச் சனம் கேட்டால் அம்மா, "அவள் மிருக வைத்தியம் படிக்கப் போறாள், அதுக்குத்தான் பழகுறாள்" என்பார். உண்மையில் நான் சாணி அள்ளினேன். வேலை முடிந்து தே-பானே ரயிலில் ஏறினால் எனக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். வீட்டு வாசலிலேயே உடுப்பைக் கழற்றச் சொல்லி அம்மா ஒரு வாளி வைத்திருந்தார்.

லாயத்துக்காரி இங்கர் ஐம்பது தாண்டிய பெரிய உடம்புக்காரி. பேச்சு குறைவு, கோப்பி அதிகம். குளிர்காலத்தில் பிள்ளைகளைப் பனிவண்டியில் ஏற்றிச் சவாரி விடுவதும், கோடையில் கல்யாணங்களுக்குக் கோச்சு வண்டி அனுப்புவதும் அவளுடைய பிழைப்பு. அங்கே புரூனா என்றொரு பெட்டைக்குதிரை இருந்தாள். மண்ணிறம், தடித்த கால்கள், கண்ணை மறைக்கும் முன்மயிர். தனியாக நின்றால் அவளைப் போல ஒரு நல்ல பிறவி இல்லை. ஆனால் முந்தைய நத்தார்ப் பண்டிகைக்குப் பனி அள்ளும் வாகனம் ஒன்று சங்கிலி கலகலக்க வந்ததைக் கண்டு வண்டியோடு பிய்த்துக்கொண்டு ஓடியிருந்தாள். வண்டி பனிக்குவியலில் கவிழ்ந்தது. பிள்ளைகளுக்குப் பெரிய காயமில்லை. இங்கர் பயந்துபோனாள்.

"ஆட்களுக்கு முன்னால் விடமுடியாத குதிரையை நான் வைத்துத் தீன் போட முடியாது. கோடைக்குள் சரிவராவிட்டால் இறைச்சிக்கு அனுப்புவேன்" என்று இங்கர் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். காலநிலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். அன்று சனிக்கிழமை என்பதால் தங்கையும் லாயத்தில் நின்றாள். அவள் பெயர் தர்சினி, எங்களுக்குத் தர்சி. எட்டாம் வகுப்பு. புரூனாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி அதைக் கேட்டாள்.

இந்த இடத்தில் சாமத்தியவீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த ஆண்டுகளில் எங்கள் சனத்துக்குப் பிடித்திருந்த பைத்தியம் அது. பெண்பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுத்து, மேளம் பிடித்து, அவளை என்னத்தில் கொண்டுவந்து இறக்குவது என்று போட்டி. ஒருத்தி பல்லக்கில் வந்தாள். ஒருத்தி தாமரைப்பூவுக்குள் இருந்து எழும்பினாள். அம்மாவுக்கு லண்டனில் இருந்து வந்த வீடியோ ஒன்றில் குதிரை வண்டி மனதில் பதிந்துவிட்டது. தர்சியோ மண்டபமே வேண்டாம், கேக் போதும் என்று கதவைப் பூட்டிக்கொண்டாள். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளை. வகுப்பில் யாருக்காவது தெரிந்தால் நான் செத்தேன் என்று மாதக்கணக்காக அழுதிருந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் அவளாகவே சொன்னாள்:

"சரி, நான் சாறி கட்டுறன். வண்டியிலை ஏறுறன். ஆனா புரூனாதான் இழுக்கவேணும். இல்லாட்டி அம்மா நீங்களே கிரீடம் வைச்சுக்கொண்டு போய் இருங்கோ."

அம்மாவுக்குக் கிரீடமும் சாறியும் மட்டும்தான் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் இங்கரிடம் போனேன். இங்கர் ஒருமுறை தமிழ்க் கல்யாணம் ஒன்றுக்குக் கோச்சு ஓட்டியவள். நினைத்துப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்களின் சத்தத்தைத் தாங்கினால் அவள் உலகத்தில் எதையும் தாங்குவாள். தாங்கினால் வைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு முன் எனக்குச் சந்தேகம் வந்தால் பிள்ளையை ஏற்ற மாட்டேன்" என்றாள். இப்படித்தான் ஒரு குதிரையின் உயிர் எங்கள் வீட்டுச் சாமத்தியச் சடங்கில் போய்த் தொங்கியது.

குதிரை எதற்குப் பயப்படும் என்று கேட்காதீர்கள். நேற்று இடப்பக்கம் இருந்த வாளி இன்று வலப்பக்கம் இருந்தால் பயம். காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பை என்றால் சாவு வந்த மாதிரி. பயம் தெளிவிப்பது என்றால் காலைக் கட்டி வாயைக் கட்டி அடக்குவதல்ல. பயப்படும் சாமானை எட்டத்தில் காட்டவேண்டும். அவள் காதை முன்னுக்கு விடுவாள், மூச்சைப் பிடிப்பாள், கழுத்து விறைக்கும். நீங்கள் கிட்டவும் கொண்டுபோகாமல், எடுக்கவும் எடுக்காமல் நிற்கவேண்டும். அந்த நிற்பில் உங்கள் நெஞ்சும் அடித்துக்கொள்ளும், அது கயிற்றின் வழியே அவளுக்குத் தெரியும். எப்போதோ தலை தாழும், வாய் மெல்லும், நீளமாக ஒரு மூச்சு விடுவாள். அந்த நொடியில் சாமானை மறைத்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் அன்றைய வேலை பாழ்.

மற்ற லாயங்களில் இதற்குக் குடையும் பலூனும் வைத்திருப்பார்கள். நான் சடங்குச் சாமான்களை வீட்டில் இருந்து காவிக்கொண்டு போனேன். முதலில் அம்மாவின் பழைய பட்டுச் சீலை.

"என்னத்துக்கு?"

"புரூனாவுக்கு."

"குதிரைக்கோ சீலை?" என்றவர், கொஞ்ச நேரத்தால் பின்னால் வந்து, "மஞ்சள் கரை போட்டதைக் கொண்டு போ, அதுதான் கூடச் சரசரக்கும்" என்று தந்தார். வேலியில் தொங்கிய அந்தச் சீலையைக் கடந்துபோகப் புரூனாவுக்கு ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது. பிறகு குஞ்சம் வைத்த வெள்ளைக்குடை. பிறகு ஆலத்தித் தட்டும் திரியும். வீடியோக்காரர் பிடிக்கும் கண்ணைப் பறிக்கும் விளக்குக்காகக் கட்டட வேலையாட்களின் பெரிய மின்விளக்கு ஒன்றை இரவல் வாங்கினேன். மேளத்துக்கு ஒலிநாடா. முதலில் கொசு பாடுவது போலச் சன்னமாக வைத்து, நாளாக நாளாகக் கூட்டினேன். லாயத்தில் வேலை செய்த நோர்வேப் பெட்டைகள் சாணி அள்ளிக்கொண்டே கெட்டிமேளத்தை வாயால் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் விறைக்கும்போதெல்லாம் நான், "ஒண்டுமில்லையடி, ஒண்டுமில்லை" என்பேன். யோசித்துச் சொன்னதல்ல. யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் இருந்த நாட்களில் அப்பா என் தலையில் கையை வைத்துச் சொன்ன சொல் அது. ஒன்றுமில்லை என்று சொல்லும்போது வெளியே எல்லாமே இருந்தது என்பது வேறு விஷயம்.

அப்பா லாயத்துக்கு வந்தது, சடங்கில் கேட்கும் சத்தத்தைப் பழக்கத் தேங்காய் உடைக்க. மருத்துவமனைச் சமையலறையில் வேலை முடிந்து, ஒரு பை தேங்காயோடு, கழற்றாத தொப்பியோடு வருவார். குதிரைக்கு அவ்வளவு பயம். கொட்டகையின் கடைசி மூலையில் நின்று கல்லில் அடித்துவிட்டு, குதிரை ஓடுகிறதா என்று பார்க்காமல் தான் ஓடத் தயாராக நிற்பார். புரூனா இரண்டாம் நாளே வந்து சிதறின தேங்காயைத் தின்றாள். அப்பாவுக்குப் பெருமை. அதன் பிறகு அவர் தேங்காய் இல்லாமலும் வரத் தொடங்கினார்.

கடைசியாக மிஞ்சியது பூவெடி. தடித்த காகிதக் குழல். அடியைத் திருகினால் படாரென்று வெடித்து நிறக் காகிதங்களைக் கொட்டும். பிள்ளை இறங்கும்போது இரண்டு பக்கமும் நின்று வெடிக்கவைப்பார்கள். ஒரு பின்னேரம் நான் எட்டத்தில் நின்று ஒன்றைத் திருகினேன். புரூனா துள்ளினாள், ஆனால் ஓடவில்லை. "பாத்தீங்களோ!" என்று திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால், இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி குப்புறக் கிடந்தார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான். புதுவருடத்துக்கு ஒஸ்லோ முழுக்க வாணம் விடும்போது அப்பா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் குளிப்பார். அப்பாவுக்குச் சுத்தம் அதிகம் என்றுதான் நாங்கள் வீட்டில் பகிடி விடுவோம். அவர் எழும்பி உடுப்பில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பயமில்லைப் பிள்ளை. உடம்புதான் தன்ர பாட்டிலை விழுந்திட்டுது."

பிறகு புரூனாவின் கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார். அதுவரை அவர் குதிரையைத் தொட்டதே இல்லை.

"எட்டப் போய் நிண்டு அடி. நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சை நிக்கிறம்" என்றார்.

நான் கொட்டகைக்கு வெளியே, தெருவோரம் வரை போய் வெடித்தேன். அடுத்த முறை கொஞ்சம் கிட்ட. அப்படியே வசந்தம் முழுக்க. ஒரு கயிற்றின் இரண்டு நுனியில் அவர்கள் நிற்பார்கள். வெடித்ததும் நான் முதலில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பேன். புரூனாவுக்குக் காது மட்டும் ஆடும் நாள் வந்தது. அப்பா அப்போதும் கண்ணை மூடிக்கொள்வார், முழங்கால் மடியும். ஆனால் விழமாட்டார். இதை அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சடங்கு நாள் வெயில் அள்ளி எறிந்தது. மண்டபம் எங்கள் வீட்டில் இருந்து நடக்கும் தூரம். கார்த் தரிப்பிடத்தில் தர்சி வண்டியில் ஏற, மண்டப வாசல்வரை புரூனா இழுத்துவரவேண்டும். இங்கர் மேலே இருந்து கடிவாளம் பிடிப்பாள். நான் குதிரையின் தலையோடு நடந்து வருவேன். இவ்வளவுதான் ஏற்பாடு. முதல் நாளே புரூனாவைக் கொண்டுவந்து அந்த வழியால் நடத்திப் பார்த்திருந்தோம். இங்கர் தலையாட்டியிருந்தாள்.

அன்று காலை நான் லாயத்துக்குப் போயிருக்கவேண்டும். அம்மா விடவில்லை. "அவ்வளவு சனமும் வரும். தங்கச்சியின்ர சடங்கிலை தமக்கை சாணிக் கோட்டோட நிக்கிறதோ? ஆர் பிறகு உன்னைக் கட்டுவினம்?" விடியவே என்னைப் பிடித்து இருத்தினார்கள். பட்டுச்சாறி, கொண்டை, ஒரு பேணி தலைமயிர்த் தெளிப்பான், லண்டனில் இருந்து யாரோ கொண்டுவந்த மல்லிகைச்சரம், முழங்கை வரை காப்பு, மாமி ஒருவரின் வாசனைத் திரவியம். கண்ணாடியில் பார்த்தால் நானே எனக்கு அறிமுகமில்லை. அதோடு நேராகக் கார்த் தரிப்பிடத்துக்கு ஓடினேன்.

தர்சி ஏறியாயிற்று. கிரீடமும் பின்னலும் நகையுமாக, முகம் வெளிறி, வண்டிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். மேளகாரர் தொடங்கினார்கள். ஒலிநாடாவில் எவ்வளவு கூட்டி வைத்தாலும், நேரில் தவில் அடிக்கும்போது அது நெஞ்சுக்கூட்டுக்குள் அடிக்கும். நான் புரூனாவின் தலையைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவள் தலையை வெடுக்கென்று மேலே எறிந்தாள். கண்ணின் வெள்ளை தெரிந்தது. பின்வாங்கினாள். வண்டிச் சில்லு கல்லில் மோதியது. தர்சி கத்தினாள்.

"ஒண்டுமில்லையடி" என்று நானும் கத்தினேன். தவிலுக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிட்டப் போனேன், காப்புகள் கலகலவென்றன, அவள் இன்னும் பின்னால் போனாள். வாரைப் பிடித்த என் குதிகால் தரையை விட்டு எழும்பியது. சனம் சிரித்துக்கொண்டே நின்றது, அவர்களுக்கு இது வேடிக்கை. இங்கரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அப்போதுதான் கண்டேன். புரூனா மேளத்தைப் பார்க்கவில்லை, குடையைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சீலையைப் பழக்கினேன், பூவெடியைப் பழக்கினேன். சீலைக்குள் நான் வருவேன் என்பதைப் பழக்கவில்லை. அவள் தலையோடு நிற்கவேண்டிய ஆளைக் காணவில்லை. அந்த இடத்தில் சரசரத்துக்கொண்டு, கலகலத்துக்கொண்டு, அந்நிய மணத்தோடு ஏதோ ஒன்று கையை நீட்டிக்கொண்டு வருகிறது.

"நிப்பாட்டுங்கோ!"

அப்பாவின் குரல். சத்தமாகக் கதைத்து நான் கேட்டறியாத அப்பா. "மேளத்தை நிப்பாட்டுங்கோ எண்டுறன்!"

தவில் நின்றது. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. மாமி ஒருவர் நெஞ்சில் கையை வைத்தார். "ஐயோ, மங்கள மேளம் இடையிலை நிக்கக்கூடாது!" அம்மாவின் முகத்தை நான் பார்க்கத் துணியவில்லை. அப்பா அதற்குள் தன் காரைத் திறந்து, முதல் நாள் நான் கழற்றிப் பின்னிருக்கையில் போட்ட பச்சைக் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேட்டி தடுக்க, ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்தபடி.

பட்டுச்சாறிக்கு மேல் கோட்டைப் போட்டேன். மல்லிகையைப் பிய்த்து எறிந்தேன். காப்புகளைக் கோட்டுக் கைக்குள் தள்ளிவிட்டேன். அந்த அமைதியில் நான் கிட்டப் போகவில்லை. எட்ட நின்றே, "ஒண்டுமில்லையடி. ஒண்டுமில்லை" என்றேன். காது திரும்பியது. கழுத்து நீண்டது. கோட்டுக் கையை மோந்தாள், மறுபடி மோந்தாள். பிறகு அந்த நீளமான மூச்சு. என் முகத்தில்தான் விட்டாள். அழுகை வந்தது, அழுதேன், மையெல்லாம் போயிற்று.

இங்கர் மேலே இருந்து தர்சியைத் திரும்பிப் பார்த்தாள். இறங்குகிறாயா என்று கேட்பது எனக்கு விளங்கியது. தர்சி இல்லையென்று தலையாட்டினாள்.

அப்பா மேளகாரரிடம் போனார். டென்மார்க்கில் இருந்து வந்த பெரிய வித்துவான்கள். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எட்டப் போய் நிண்டு அடியுங்கோ. மெல்லத் தொடங்கி, மெல்லக் கிட்ட வாங்கோ" என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, தவிலையும் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் மறுபக்கம் போனார்கள். அங்கிருந்து மெதுவாக வந்தது மேளம். புரூனா நடந்தாள். வெள்ளைக்குடையைக் கடந்தாள், விளக்கைக் கடந்தாள், ஆலத்தியின் முன்னால் நின்றாள். தர்சி இறங்கக் காலை வைத்ததும் இரண்டு பக்கமும் பூவெடி வெடித்தது.

புரூனாவின் காது ஆடியது. நான் மறுபக்கம் பார்த்தேன். அப்பா எப்போதோ வந்து, அவளுடைய வாரை ஒரு கையால் பிடித்தபடி நின்றார். கண்ணைத் திறந்துகொண்டுதான் நின்றார். தலையெல்லாம் நிறக் காகிதம்.

புரூனா அதன் பிறகு பல வருடங்கள் பிள்ளைகளை இழுத்தாள். கிழடாகி, அந்த லாயத்திலேயே செத்தாள். இங்கர் வடக்கே போய்விட்டாள். லாயம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குவீடுகள். கீழே சைக்கிள் கொட்டகை, அதுதான் நாங்கள் தேங்காய் உடைத்த மூலை என்று நினைக்கிறேன், நிச்சயமில்லை. அப்பா போய் நான்கு வருடமாகிறது. அவருடைய குரல் பதிந்த ஒன்றுமே எங்களிடம் இல்லை. கமராவைக் கண்டால் ஒதுங்கிவிடுகிற மனிதர். பேசச் சொன்னால், "அம்மாவைக் கேளுங்கோ" என்று சிரிப்பார்.

அதனால்தான் கசெற்றைக் கண்டதும் தர்சிக்குப் போன் எடுத்தேன். அவள் யாரிடமோ கசெற் போடும் பழைய வீடியோப் பெட்டி ஒன்று வாங்கிவந்தாள். பொதிகட்டிய பெட்டிகளுக்கு நடுவே அம்மாவும் நாங்களும் இருந்து பார்த்தோம். தர்சி வண்டியில் ஏறுகிறாள். மேளம் தொடங்குகிறது. நான் மூச்சைப் பிடித்தேன். படம் ஒருமுறை வெட்டி இழுத்தது. வண்டி மண்டப வாசலில் நிற்கிறது. மேளம் நிற்கவே இல்லை, வேறெங்கோ பிடித்த நாதஸ்வரத்தை மேலே ஒட்டியிருந்தார்கள். கோட்டுப் போட்ட நான் எங்கும் இல்லை, அப்பாவின் அந்த "நிப்பாட்டுங்கோ" இல்லை. அப்பாவின் தோள் ஓரமாக ஒரு கணம் வந்துபோகிறது.

பின்னுக்கு இழுத்து மறுபடி போட்டேன். மறுபடியும். சாமத்தியவீட்டு மேளம் நின்றதை யாரும் பார்க்கக்கூடாது என்று அம்மாதான் வீடியோக்காரரிடம் சொல்லி வெட்டுவித்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா மடியில் கிடந்த கோட்டைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, வெட்டின துண்டை அந்த வீடியோப் பெடியன் எறிஞ்சிருப்பானோ?"